குளச்சல் போரும் கொட்டாரக்கரை அரசியும்

குளச்சல் கடற்கரையில் நிற்கும் வெற்றித்தூணை நம்முள் பெரும்பாலோர் கண்டிருப்போம். 1741ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை, ஒல்லாந்தர் எனப்படும் டச்சுக்காரரின் படையை அக்கரையில் முறியடித்ததன் நினைவாக எழுந்தது அது. ஐரோப்பிய வல்லரசு ஒன்றின் படையை நம் நாட்டு மன்னர் ஒருவர் சரணடையச் செய்தது சிறு செயலன்று. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டத் தக்க இடம்தான். ஆயினும் அத்தூணின் அடியில் நிற்போர் அரிதாகவே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஒல்லாந்தர் ஏன் வந்தனர்?

நல்லமிளகுக்காக என்பது உடனே வரும் விடை. உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மற்றப் பாதியைத் தேடிக் குளச்சலிலிருந்து வடக்கே, கொட்டாரக்கரைக்குப் போக வேண்டும்.

1729இல் மார்த்தாண்ட வர்மா பட்டமேற்றபோது வேணாடு ஒரு சிறு நாடு. கன்னியாகுமரிக்கும் கொச்சிக்கும் இடையே அதைப் போன்ற சிற்றரசுகள் பல இருந்தன. பிரபுக்களின் கை ஓங்கியிருந்தது. அரசரே ஊர்விட்டு ஊர் ஒளிந்து திரிந்த காலமும் இருந்தது. புதிய மன்னர் முதலில் உள்நாட்டு எதிரிகளை ஒழித்தார். முந்தைய மன்னரின் மக்களான தம்பிமார் நாகர்கோவிலில் கொல்லப்பட்டனர். எட்டுவீட்டுப் பிள்ளைமார் கொலைக்களம் கண்டனர். அவர்களுடைய வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் கடற்கரையில் மீனவர்க்கு விற்கப்பட்டனர் என்று வரலாறும் மரபும் கூறுகின்றன. 'துறையேற்றம்' என்று இதற்குப் பெயர். நம் கரைக்கு அனுப்பப்படுவதே அக்காலத்தில் தண்டனைகளுள் கொடிய தண்டனையாக எண்ணப்பட்டது என்பதை, இக்கரையில் பிறந்தோரும் பணிபுரிவோரும் கசப்பின்றி வாசிக்க இயலாது. வீரர், நிருவாகத் திறனாளர், நாட்டை உருவாக்கியவர் என்றெல்லாம் அம்மன்னரைப் புகழும் நூல்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடும்.

வீட்டை அடக்கியபின் அண்டை நாடுகளின் முறை வந்தது. ஆற்றிங்கல் இணைக்கப்பட்டது. 1730களில் கொல்லத்தோடும் காயங்குளத்தோடும் போர்கள் நடந்தன. கொட்டாரக்கரையைத் தலைநகராகக் கொண்ட இளையிடத்து சொரூபத்தின் அரசர் 1736இல் இறந்தார். அரசுரிமை ஓர் அரசிக்கு உரியதாயிற்று. அந்த உரிமையை மார்த்தாண்ட வர்மா ஏற்கவில்லை. இங்கே அவர் முன்வைத்த வாதம் கவனிக்கத் தக்கது. கொல்லமும் இளையிடமும் வேணாட்டு அரச குடும்பத்தின் கிளைகளே. எனவே அவை அயல்நாடுகள் அல்ல, பிரிந்து கிடக்கும் சொந்த வீடுகள். ஒன்றாக்குவது உரிமை, ஆக்கிரமிப்பு அன்று. உறவு உண்மையே. ஆனால் அந்த உறவுக்காரர்கள் தனித்து வாழவே விரும்பினர் என்பதும் அதே அளவுக்கு உண்மை.

இந்த இடத்தில்தான் ஒல்லாந்தர் வருகின்றனர். 1663இல் போர்த்துக்கீசியரிடமிருந்து கொச்சியைப் பறித்த நாள் முதல், இச்சிற்றரசர் ஒவ்வொருவரோடும் தனித்தனியே ஒப்பந்தம் செய்து மலிந்த விலைக்கு மிளகு வாங்கி வந்தது அவர்களுடைய கும்பினி. பத்துச் சிறு கடைக்காரரோடு பேரம் பேசுவது எளிது. அத்தனை கடைகளையும் ஒருவரே வாங்கிவிட்டால் விலை சொல்பவர் மாறிவிடுவார். அந்த ஒருவரோ 1723 முதலே ஆங்கிலேயரோடு நட்புடன்படிக்கை செய்திருந்தவர். ஆகவே இளையிடத்து அரசியின் கண்ணீர் ஒல்லாந்தரின் நெஞ்சைத் தொட்டது.

1739இல் இலங்கையின் டச்சு ஆளுநர் வான் இம்ஹோப் இக்கரைக்கு வந்தார். பிடித்த நாடுகளைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று மன்னரிடம் நேரில் வற்புறுத்தினார். மறுத்தால் படை வரும் என்று அச்சுறுத்தினார். அப்படியானால் எம் வள்ளங்களையும் மீனவரையும் கொண்டு ஒல்லாந்து நாட்டின்மீதே படையெடுப்பதை யாமும் எண்ணிப் பார்ப்போம் என்னும் கருத்துப்பட மன்னர் ஏளனமாக விடையிறுத்ததாகத் திருவிதாங்கூர் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அரசவைகளில் இன்றும் கைதட்டல் பெறக் கூடிய பேச்சு. ஆனால் அந்த மீனவர் யாவர்? தேங்காய்ப்பட்டணம் முதல் கன்னியாகுமரி வரை கட்டுமரத்தில் தொழில் செய்த நம் முன்னோரே. கோவிலை அண்டும் உரிமையும் உயர்ந்தோர் நடக்கும் வழியில் நடக்கும் உரிமையும் அவர்களுக்கு இல்லை. அரசர் வீராப்புப் பேசும்போது மட்டும் அவர்கள் படைவீரராயினர்.

அதன்பின் நடந்தவை, ஏணிப்படி ஏறுவதுபோல ஒவ்வொரு படியாக நடந்தன. ஒல்லாந்தர் அரசியைக் கொட்டாரக்கரையில் மீண்டும் அமர்த்தினர். மன்னர் தாக்கினார். அரசியின் படையும் டச்சுப் படையும் சேர்ந்து தோற்றன. நாடு திருவிதாங்கூரோடு இணைந்தது. அரசி கொச்சிக்கு ஓடி, ஒல்லாந்தர் கொடுத்த உதவித்தொகையில் வாழ்ந்தார். மன்னரின் படை வடக்கே இருந்த நிலையில், அவருடைய தலைநகராகிய கல்குளத்தைத் தெற்கிலிருந்து பிடித்துவிடலாம் என்று கொச்சியில் இருந்த டச்சுத் தளபதி வான் கொலனெஸ் கணக்கிட்டார். கல்குளத்துக்கு அண்மையில் உள்ள துறை குளச்சல். எந்தப் படியிலும் இரு தரப்பாரும் பெரும்போரை விரும்பவில்லை. அடுத்த அடியை நான் வைத்தால் எதிரி பின்வாங்குவான் என்றே இருவரும் எண்ணினர்.

1740இன் இறுதியில் டச்சுக் கப்பல்கள் குளச்சல் கரையை நோக்கிச் சுட்டன. தேங்காய்ப்பட்டணம், மிடாலம், கடியப்பட்டணம் ஆகிய ஊர்கள் அவர்கள் கைக்குள் வந்தன. முட்டத்தில் கலங்கரை விளக்கம் நிற்கும் பாறைமேல் ஏறி மேற்கே பாருங்கள். கண்ணெதிரே தெரிவது கடியப்பட்டணம். கொட்டாரக்கரை எங்கிருக்கிறது என்றே அறியாத மனிதரின் ஓலைக்குடிசைகள் அவை.

இக்கரைக்கு இது முதல் படையெடுப்பும் அன்று. 1544இல் வடக்கிலிருந்து வடுகர் படை வந்தபோது, கன்னியாகுமரிப் பகுதிக் கிறிஸ்தவர்கள் கடலில் உள்ள பாறைகளுக்கு ஓடி, பசியிலும் தாகத்திலும் வெயிலிலும் கிடந்தனர். புனித பிரான்சிஸ் சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உணவு ஏற்றிப் புறப்பட்டார். எதிர்க்காற்று விடவில்லை. பின்னர்க் கால்நடையாகவே சென்று அவர்களை அடைந்தார். படை வந்தால் உள்நாட்டார் காட்டுக்கு ஓடுவர். கடற்கரையார் ஓடக் கடல் ஒன்றுதான் உண்டு.

1741இல் ஒல்லாந்தர் கல்குளம் கோட்டையை முற்றுகையிட்டனர். மன்னர் வடக்கிலிருந்து விரைந்து வந்து அவர்களைக் குளச்சலில் அவர்கள் அமைத்திருந்த காப்பரணுக்குள் துரத்தினார். ஆகஸ்டு மாதம் வெடிமருந்து தீப்பற்றியது, அரிசிக் கிடங்கும் எரிந்தது, எஞ்சியோர் சரணடைந்தனர். மீனவர்களைத் துடுப்பைத் தோளில் சாய்த்து வரிசையாக நிறுத்தி, பெரும் துப்பாக்கிப் படை நிற்பதாகக் கப்பலில் இருந்தோரை மருட்டினார் மன்னர் என்பது நம் பகுதியில் வழிவழியாக வரும் செய்தி. அது உண்மையாயின், பீரங்கி வாய்க்கு முன்னால் வெறும் மரத்துடுப்போடு நிறுத்தப்பட்டவர்களின் நெஞ்சு அன்று எப்படி அடித்துக்கொண்டிருக்கும் என்பதையும் அக்கதை சொல்வோர் சற்று நினைக்கலாம்.

போர் அத்தோடு ஏன் நின்றது? ஒல்லாந்தர் மனம் மாறியதால் அன்று. இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவே அவர்களுக்கு ஆசியாவில் தலைமையிடம். அங்கே 1740 அக்டோபரில் ஆயிரக்கணக்கான சீனர்கள் படுகொலை செய்யப்பட்டனர். அதிலிருந்து மூண்ட கலகம் 1743 வரை சாவகத் தீவை எரித்தது. குளச்சலுக்கு அனுப்ப அவர்களிடம் படை இல்லை. சாவகம் அமைதியாக இருந்திருந்தால் நாஞ்சில் நாடு எரிந்திருக்கும். நம் கரை பிழைத்தது, வேறொரு கரை எரிந்ததால்.

புனித தாமஸ் அக்குவினாஸ் ஒரு போர் நீதியுள்ளது என்பதற்கு மூன்று நிபந்தனைகள் வகுத்ததைக் குருமடத்தில் படித்தோம்: உரிய அதிகாரம், நீதியான காரணம், நேரிய நோக்கம். மார்த்தாண்ட வர்மாவுக்கு அதிகாரம் இருந்தது. கொட்டாரக்கரை விடயத்தில் காரணம் இல்லை. ஒல்லாந்தருக்குச் சொல்லிக்கொள்ளக் காரணம் இருந்தது, பறிக்கப்பட்ட அரசுரிமையை மீட்டல். நோக்கம்தான் மிளகு மூட்டையில் இருந்தது. அண்டைவீட்டுத் திராட்சைத் தோட்டத்தை விரும்பிய ஆகாபு அரசனையும் நாபோத்தையும் நாம் அறிவோம். நாபோத்துக்காக வழக்காட வந்தவனும் அதே தோட்டத்தின்மேல் கண் வைத்திருந்தால் என்ன செய்வது என்பது அங்கே எழாத கேள்வி.

இவையெல்லாம் பழங்கதை என்று தள்ள முடியவில்லை. 1990 ஆகஸ்டு 2 அன்று சதாம் உசேனின் படை குவைத்துக்குள் நுழைந்தது. குவைத் பழைய பாஸ்ரா மாகாணத்தின் பகுதியே என்பது அவருடைய வாதம். அதே மாதத்திலேயே அதை ஈராக்கின் பத்தொன்பதாம் மாகாணமாக அறிவித்தார். அங்கும் உறவுமுறைதான் பேசப்பட்டது. அங்கும் அடியில் எண்ணெய் இருந்தது. உதவிக்கு வந்தோரும் எண்ணெயை மறந்து வரவில்லை. அந்தச் சண்டையில் எந்தப் பங்கும் இல்லாத இந்தியத் தொழிலாளர் ஏறத்தாழ 1,70,000 பேரைப் பெரும்பாலும் ஜோர்டான் நாட்டின் அம்மான் வழியாக விமானங்களில் மீட்க வேண்டியிருந்தது. வளைகுடாவில் பிள்ளைகளை வைத்திருந்த தென்னாட்டுக் குடும்பங்கள் பல வானொலிச் செய்தியே கதியென்று கிடந்த மாதங்கள் அவை.

2022 பிப்ரவரி 24 அன்று உருசியப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன. அதற்கு முந்தைய ஆண்டு சூலையில், இரு மக்களும் ஒரே மக்களே என்று அதிபர் புதின் நீண்ட கட்டுரை ஒன்று வெளியிட்டிருந்தார். அதை வாசித்தபோது எனக்கு இளையிடத்து சொரூபம் நினைவுக்கு வந்தது. அந்த நாள்களில் திருப்பலி முடிந்தபின் முதியவர் ஒருவர், "சாமி, அந்தச் சண்டை இங்க வருமா?" என்று கேட்டார். அணுகுண்டைப் பற்றித் தொலைக்காட்சியில் கேட்டுவிட்டு வந்திருந்தார். அவர் அஞ்சியதில் பேதைமை ஏதும் இல்லை. அங்கே படித்துக்கொண்டிருந்த நம் மாநில மாணவர்கள் நிலவறைகளில் இருந்தனர். சூரியகாந்தி எண்ணெயின் விலையாகப் போர் ஏற்கனவே நம் அடுக்களைக்குள் வந்துவிட்டிருந்தது. 1739இல் வான் இம்ஹோபும் மன்னரும் பேசிய பேச்சைக் கடியப்பட்டணத்துக் கிழவர் ஒருவர் கேட்டிருந்தால், அவரும் இதையேதான் கேட்டிருப்பார்.

குளச்சலில் பிடிபட்டவர்களுள் டிலனாய் என்னும் கத்தோலிக்க அதிகாரியும் ஒருவர். மன்னர் அவரைக் கொல்லாமல் தம் படைக்கு ஆசிரியராக்கினார். புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டையைச் செப்பனிட்டு, படைவீரரை ஐரோப்பிய முறையில் பழக்கியவர் அவரே. 1777இல் இறந்து அங்கேயே அடக்கமாகியிருக்கிறார். நட்டாலம் நீலகண்ட பிள்ளைக்கு யோபுவின் துன்பத்தை எடுத்துச் சொன்னவரும் அவர்தான். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் தேவசகாயமாகத் திருமுழுக்குப் பெற்ற அவரை, 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் அதே மன்னரின் வீரர்கள் சுட்டுக் கொன்றனர். குளச்சலில் வென்ற அரசாட்சியே காற்றாடிமலையிலும் நின்றது. 2022 மே 15 அன்று தேவசகாயம் புனிதராக உயர்த்தப்பட்டபோது மறைசாட்சியை மட்டும் பேசினோம். அந்த அரசாட்சியைப் பற்றி அதிகம் பேசவில்லை.

டிலனாய் பழக்கிய படையைக் கொண்டு மன்னர் காயங்குளம், அம்பலப்புழை, தெக்கும்கூர், வடக்கும்கூர் நாடுகளை ஒவ்வொன்றாக விழுங்கினார். 1750 சனவரியில் நாடு முழுவதையும் திருவனந்தபுரம் பத்மநாப சுவாமிக்கு அர்ப்பணித்தார். அதன்பின் அரசரை எதிர்ப்பது தெய்வத்தை எதிர்ப்பதாயிற்று. 1753 ஆகஸ்டு 15 அன்று மாவேலிக்கரையில் ஒல்லாந்தர் அவரோடு உடன்படிக்கை செய்தனர். மலையாளக் கரையின் மற்ற அரசர்களோடு தாங்கள் செய்திருந்த ஒப்பந்தங்களைக் கைவிடுவதாகவும், மன்னர் அவர்கள்மேல் படையெடுத்தால் தலையிடுவதில்லை, அடைக்கலம் தருவதும் இல்லை என்றும் எழுதிக் கொடுத்தனர். அவர்களுக்கு வேண்டிய மிளகு குறித்த விலைக்குக் கிடைத்தது. அதற்கு ஈடாக ஆண்டுதோறும் 12,000 ரூபாய் மதிப்புள்ள போர்க்கருவிகளை மன்னருக்குக் கொடுக்கவும் ஒப்புக்கொண்டனர். கொட்டாரக்கரை அரசிக்காகக் கடியப்பட்டணத்தில் இறங்கிய அதே கும்பினிதான் அது. இடையே சென்றவை பன்னிரண்டு ஆண்டுகள்.