ஒரு பெயரும் பல குரல்களும்

வரலாற்றைக் கற்போர் உள்ளத்தில் அடிக்கடி எழும் வினா ஒன்றுண்டு. நடந்தது நடவாதிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதே அவ்வினா. ஓர் அரசனுடைய இடத்தில் வேறோர் அரசன் இருந்திருந்தால், ஒரு போரிலே தோற்றவர் வென்றிருந்தால் என்றெல்லாம் எண்ணிப் பார்ப்பது மனித இயல்பு. இவ்வெண்ணங்கள் பெரும்பாலும் கற்பனையாகவே முடிந்துவிடும். வரலாறு ஒரே நிகழ்ச்சியை இருமுறை நடத்திக் காட்டுவதில்லை. ஆயினும், கலைத்துறையில் மிக அரிதாக அத்தகைய சோதனைக்கு இடமேற்படுவதுண்டு. இங்கிலாந்திலே பர்மிங்ஹாம் நகரில் 1968 ஆம் ஆண்டு தோன்றிய 'பிளாக் சபத்' என்னும் இசைக்குழுவின் வரலாறு அதற்குத் தக்க சான்றாகும். 'ஹெவி மெற்றல்' எனப்படும் கனத்த மின்னிசைக்கு வழிகோலியோருள் இக்குழுவினர் முதன்மையானவர் என்பர். இக்குழுவில் முதலிலிருந்து முடிவுவரை கிற்றார் வாசித்தவர் ஒருவரே, பாடியவரோ பலர்.

பர்மிங்ஹாம் ஓர் ஆலை நகரம். அதன் அஸ்ரன் என்னும் பகுதியிலே, தொழிலாளர் குடும்பங்களிற் பிறந்த நான்கு இளைஞர் ஒன்றுகூடினர். ரொனி ஐயோமி கிற்றாரும், கீசர் பட்லர் பேஸ் கிற்றாரும், பில் வார்ட் ட்ரம்ஸும் வாசித்தனர். ஒசி ஒஸ்போர்ண் பாடினார். ஐயோமி 17 வயதிலே, உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் வேலைசெய்தபோது, வலக்கையின் இரு விரல்நுனிகளை இயந்திரத்துக்குப் பறிகொடுத்தவர். இடக்கையால் தந்திகளை மீட்டும் அவருக்கு, தந்திகளை அழுத்தும் கை அதுவே. பிளாஸ்ரிக்கை உருக்கித் தாமே விரலுறை செய்துகொண்டார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னர், 1971 இல் வெளிவந்த குழுவின் மூன்றாவது இசைத்தட்டிலே, தந்திகளைத் தளர்த்திச் சுருதியையும் தாழ்த்தினார். குழுவின் கனத்த ஒலி உருவானதில் இவ்விபத்துக்கும் பங்குண்டு.

ஒஸ்போர்ண் முறையாக இசை பயின்றவரல்லர். பதினைந்து வயதிற் பள்ளியை விட்டவர், இறைச்சிக்கூடத்தில் வேலைசெய்தவர், திருட்டுக் குற்றத்துக்காகச் சில வாரம் சிறையிருந்தவர். அவருடைய குரலில் நுணுக்கமான வேலைப்பாடு இல்லை. கேட்டவுடன் இன்னாரென்று அறியத்தக்க ஓலமொன்று இருந்தது. கருநாடக இசையரங்கிலே பாடுவோரைப் பின்தொடர்ந்து வயலின் வாசிப்பதை நேயர் அறிவர். இக்குழுவிலோ முறை தலைகீழானது. கிற்றாரிலே திரும்பத் திரும்ப ஒலிக்கும் இசைத்தொடரை ஐயோமி முதலில் ஆக்குவார். குரல் அதனைப் பின்பற்றும். 1970 ஆம் ஆண்டின் 'அயன் மேன்' என்னும் பாடலிற் குரலும் கிற்றாரும் ஒரே மெட்டில் இணைந்து செல்வதைக் காணலாம். பாடலின் சொற்களைப் பெரும்பாலும் எழுதியவர் பட்லர். இவ்வகையிலே, 1970 இல் மட்டும் இரண்டு இசைத்தட்டுகள் வெளிவந்தன. இரண்டாவதாகிய 'பரனொயிட்' பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் முதலிடத்தை அடைந்தது.

பத்தாண்டு முடியுமுன்னரே தளர்ச்சி வந்தது. மதுவும் போதைப்பொருளும் நால்வரையும் பற்றியிருந்தன. 1977 இன் இறுதியில் ஒஸ்போர்ண் விலக, டேவ் வோக்கர் என்பவர் சிறிது காலம் பாடினார். ஒஸ்போர்ண் விரைவில் மீண்டார். ஆனால், வோக்கருடன் ஆக்கப்பட்ட பாடல்களைப் பாட மறுத்துவிட்டார். 1979 ஆம் ஆண்டு ஏப்ரலில் அவர் குழுவினின்றும் நீக்கப்பட்டார். அச்செய்தியைச் சொல்லும் பொறுப்பு அவருக்கு நெருங்கிய நண்பராகிய வார்ட்மீது விழுந்தது.

அவ்விடத்துக்கு வந்தவர் 'ரெயின்போ' குழுவிற் பாடிய அமெரிக்கர் றொனி ஜேம்ஸ் டியோ. அவர் வந்ததும் மாறியது குரல் மட்டுமன்று. கிற்றாரின் மெட்டையே குரலும் பாடிய முறை போயிற்று. குரல் தனக்கென வேறொரு மெட்டில் உயர்ந்து செல்ல, கிற்றார் அதற்கு இடமளித்து நின்றது. சொற்களை எழுதும் பணி பட்லரின் கையிலிருந்து டியோவின் கைக்குச் சென்றது. போரும் பித்தும் பேசிய பாடல்களின் இடத்திலே அரசரும் மாயமும் புகுந்தனர். 1980 இல் வெளிவந்த 'ஹெவன் அன்ட் ஹெல்' என்னும் இசைத்தட்டு அதே பெயர் தாங்கிய புதிய குழுவொன்றின் படைப்புப் போலவே அமைந்தது. சுட்டுவிரலையும் சிறுவிரலையும் நிமிர்த்திக் காட்டும் கைச்சைகையையும் டியோ மேடைக்குக் கொணர்ந்தார். கண்ணூறு கழிப்பதற்காகத் தம் இத்தாலிய வழிப் பாட்டியார் காட்டிய சைகை அதுவென அவர் கூறியுள்ளார். இன்று உலகெங்கும் இவ்விசையை விரும்புவோர் அச்சைகையையே தம் அடையாளமாகக் கொண்டுள்ளனர்.

நீக்கப்பட்டவரின் கதையும் அத்துடன் முடிந்துவிடவில்லை. குழுவின் முகாமையாளரின் மகளாகிய ஷரோன், ஒஸ்போர்ணைத் தேற்றித் தனிப்பாடகராக்கினார். பின்னர் அவரை மணந்தார். ரண்டி றோட்ஸ் என்னும் இளங் கிற்றார்க் கலைஞரின் துணையுடன் 1980 இலேயே ஒஸ்போர்ணின் முதலாவது தனி இசைத்தட்டு வெளிவந்தது. றோட்ஸ் 1982 இல் விமான விபத்தில் இறந்தார். ஒஸ்போர்ணின் புகழோ வளர்ந்தது. ஒஸ்போர்ண் நீக்கப்படாதிருந்தால் பழைய குழு வாழ்ந்திருக்குமா, சிதைந்திருக்குமா என்று எவராலும் உறுதி கூறவியலாது. ஒன்று மட்டும் தெளிவு: அந்த ஒரு முடிவினால் ஒரு வரலாறு இரண்டாயிற்று.

டியோ 1982 இல் விலகினார். 'டீப் பேர்ப்பிள்' குழுவிற் புகழ்பெற்ற இயன் கில்லன் 1983 இல் ஓர் இசைத்தட்டுக்குப் பாடிவிட்டுப் பழைய குழுவுக்குத் திரும்பினார். 1986 இல் ஐயோமி தம் தனிப்பெயரில் வெளியிட எண்ணிய இசைத்தட்டுக்கும் பிளாக் சபத் என்னும் பெயரையே இடுமாறு வெளியீட்டாளர் வற்புறுத்தினர். அதிற் பாடியவர் கிளென் ஹியூஸ். தொடங்கிய நால்வருள் எஞ்சியவர் ஐயோமி ஒருவரே. எனினும், பெயருக்கு விலை இருந்தது.

முன்னர்க் குறித்த சோதனை 1987 இல் நிகழ்ந்தது. 'த எற்றேர்னல் ஐடல்' என்னும் இசைத்தட்டுக்காக றே கிலன் என்னும் அமெரிக்க இளைஞர் பாடி ஒலிப்பதிவு செய்திருந்தார். அது வெளிவருமுன் அவர் விலகிவிட்டார். பர்மிங்ஹாமைச் சேர்ந்த ரொனி மார்ட்டின் அழைக்கப்பட்டு, அதே பாடல்களை அதே இசைப்பதிவின்மேல் மீண்டும் பாடினார். மார்ட்டினின் குரலே அன்று வெளிவந்தது. கிலன் 1993 இல் இளவயதிலேயே மறைந்தார். அவர் பாடிய பதிவு 2010 இன் மறுபதிப்பிலே சேர்க்கப்பட்டது. ஒரே இசைக்கு இருவேறு குரல்களை ஒப்பிட்டுக் கேட்கும் வாய்ப்பு இவ்வாறு கிடைத்தது.

கேட்போர் காண்பது யாது? கிலனின் குரலிலே புளூஸ் இசையின் சாயலுண்டு. மார்ட்டினின் குரலிலே டியோவை நினைவூட்டும் முழக்கமுண்டு. ஆனால், பாடல் மாறவில்லை. அதன் அமைப்பும் போக்கும் அப்படியே நிற்கின்றன. 1980 இல் பாடகர் மாறியபோது பாடலே மாறிற்று. 1987 இல் பாடகர் மாறியபோது பாடல் மாறவில்லை. காரணம் எளிது. டியோ பாடல் ஆக்கப்படும்போதே உடனிருந்தார். மார்ட்டினோ பாடல் ஆக்கப்பட்டபின் வந்தார். 1989 இலும் 1990 இலும் வெளிவந்த இசைத்தட்டுகளில் மார்ட்டினும் ஆக்கத்திற் பங்கேற்றார், சொற்களை எழுதினார். அப்பொழுது குழு மறுபடியும் வேறு முகம் கொண்டது. வடநாட்டுப் பழந்தெய்வக் கதைகளும் பாடலுட் புகுந்தன. ஆகவே, வேறு பாடகர் இருந்திருந்தால் ஒரு குழுவின் வரலாறு எவ்வாறு அமைந்திருக்கும் என்று வினவுவோர், அவருடைய குரல் எத்தகையது என்பதை மட்டும் நோக்குதல் போதாது. பாடல் பிறந்த அறையில் அவருக்கு இடமிருந்ததா என்பதையும் நோக்குதல் வேண்டும்.

பின்வந்த நிகழ்ச்சிகளைச் சுருங்கக் கூறலாம். டியோ 1992 இல் மீண்டு ஓர் இசைத்தட்டுக்குப் பாடி மறுபடியும் விலகினார். அவ்வாண்டு நவம்பரில் ஒஸ்போர்ணின் விடைபெறும் அரங்குகளுக்கு முன்னரங்காகப் பாட அவர் மறுக்க, 'ஜூடாஸ் பிறீஸ்ற்' குழுவின் றொப் ஹல்போர்ட் இரண்டு இரவுகள் அவருக்குப் பதிலாகப் பாடினார். மார்ட்டின் திரும்பிவந்து மேலும் இரண்டு இசைத்தட்டுகளுக்குப் பாடினார். 1997 டிசம்பரில் ஆதி நால்வரும் பர்மிங்ஹாமில் ஒன்றுகூடிப் பாடினர். 2006 இல் ஐயோமியும் பட்லரும் டியோவுடன் மீண்டும் சேர்ந்தபோது, பிளாக் சபத் என்னும் பெயரை விடுத்து 'ஹெவன் அன்ட் ஹெல்' என்னும் பெயரைச் சூடிக்கொண்டனர். ஒரே குழுவினுள் இரண்டு குழுக்கள் இருந்தன என்பதை அவர்களே ஒப்புக்கொண்டதாக இதனைக் கொள்ளலாம். டியோ 2010 இல் காலமானார். ஒஸ்போர்ண் பாடிய இறுதி இசைத்தட்டு 2013 இல், 1970 க்குப் பின் முதன்முறையாக, பிரித்தானியப் பட்டியலின் முதலிடத்தைப் பெற்றது. 2025 ஜூலை 5 ஆந் திகதி, பிறந்த மண்ணாகிய அஸ்ரனின் விளையாட்டரங்கிலே நால்வரும் இறுதியாகத் தோன்றினர். நோயால் நடை தளர்ந்த ஒஸ்போர்ண் ஆசனத்தில் அமர்ந்தே பாடினார். அம்மாதம் 22 ஆந் திகதி அவர் மறைந்தார்.

தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே குரல் ஒலித்தமையால், இடையில் ஒலித்த குரல்கள் மறக்கப்படுதல் எளிது. அமெரிக்காவின் றொக் இசைப் புகழ்மண்டபம் 2006 இல் இக்குழுவைச் சேர்த்துக்கொண்டபோது ஆதி நால்வரின் பெயர்களே பொறிக்கப்பட்டன. மூன்று இசைத்தட்டுகளுக்குப் பாடிய டியோவுக்கோ, ஐந்துக்குப் பாடிய மார்ட்டினுக்கோ அதில் இடமில்லை. மார்ட்டினின் ஐந்து இசைத்தட்டுகளில் நான்கு 2024 இலேதான் ஒரு தொகுப்பாக மறுபதிப்புப் பெற்றன. எவரும் பெரிதாகக் கவனியாத ஆண்டுகளிலே பெயர் அழியாது காத்தவர்களுள் மார்ட்டினும் ஒருவர். அவர் போன்றோர் அன்று பாடாதிருந்தால், 1997 இல் நால்வர் திரும்பி வருவதற்கு அப்பெயர் உயிரோடு இருந்திருக்குமா என்பது எண்ணற்பாலது. தொடங்கியோரையும் முடித்தோரையும் போற்றுதல் முறையே. இடையில் தாங்கிநின்றோரையும் கணக்கிற் கொள்ளும்பொழுதே வரலாறு நிறைவுறும்.