மற்றும் பலர்

பாலவனத்தத்திலிருந்து அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறி முப்பது வருஷம் வக்கீல் குமாஸ்தா வேலை பார்த்தேன். ஊர்ச்சண்டை என்றால் எஃப்.ஐ.ஆரில் பெயர்களுக்குப் பின்னால் ‘மற்றும் பலர்’ வந்துவிடும். நான் முதலில் தலைகளைத்தான் எண்ணுவேன். இந்திய தண்டனைச் சட்டத்தின் 149ஆம் பிரிவுக்கு ஐந்து பேராவது வேண்டும். பொது நோக்கம் நிரூபணமானால், ஒருவன் வெட்டியதற்கு எல்லாருக்கும் தண்டனை.

“எம்மவன் வேடிக்கை பாக்கத்தான்யா போனான், கையில கம்புகூட இல்ல” என்று ஒரு அம்மா அழுதது இன்னும் காதில் இருக்கிறது.

அந்தத் தண்டனைச் சட்டம் 1860இல் எழுதியது. 149 எதற்கு என்பதற்கு எங்கள் பக்கத்துக் கலவரம் ஒன்றே போதும். 1899 ஜூன் 6ஆம் தேதி, கோயில் நுழைவுப் பகையில் ஆயிரக்கணக்கானோர் சிவகாசி நாடார்களின் வீடுகளைக் கொளுத்தினார்கள். அத்தனை பெரிய கூட்டத்தில் எவன் கை எதைச் செய்தது என்று யார் பிரித்துச் சொல்வது? அதற்குத்தான் இந்தப் பிரிவு. ஆனால் வேண்டாதவன் பெயரையும் சேர்த்து எழுதிக் கொடுக்க அதே பிரிவு வசதி.

1964இல் மசால்தி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒவ்வொருவரும் தனியாக என்ன செய்தார்கள் என்று காட்டத் தேவையில்லை என்றது. கூடவே, இத்தகைய வழக்கில் இரண்டு மூன்று சாட்சிகளாவது ஒத்துச் சொல்ல வேண்டும் என்ற அளவுகோலையும் ஏற்றது. அந்த அம்மாவுக்கு நான் சொன்ன ஒரே ஆறுதல் அதுதான்.

2024 ஜூலை 1 முதல் அந்த 149ஆம் பிரிவு பாரதிய நியாய சன்ஹிதாவில் 190. ஐந்து பேர் கணக்கு அப்படியே இருக்கிறது.