எண்ண வேண்டாமென்று விடப்பட்ட சாவுகள்

போன செமஸ்டரில ஒரு ரியூட்டோரியல் வகுப்பு. அமெரிக்கப் பாடசாலை ஒன்றில் நடந்த துப்பாக்கிச் சூட்டைப் பற்றிக் கதை வந்தது. "அது அவங்கட விசர். கடையில துவக்கு விக்கிற நாட்டில வேற என்ன நடக்கும்?" என்று ஒருத்தன் சொன்னான். எல்லாரும் சிரித்தோம், நானும்தான். பிறகு அந்த வரலாற்றைத் தேடி வாசிக்கத் தொடங்கினபோதுதான் நாங்கள் பிழையான கேள்வியைக் கேட்டுவிட்டோம் என்று விளங்கியது. "ஆர் விசரன்?" என்று கேட்டோம். எத்தனை பேர் செத்தார்கள், ஆர் செத்தார்கள், ஏன் அந்த இடத்தில் கூடச் செத்தார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

டெங்கு வந்தால் எங்கட ஊரில என்ன நடக்கும்? பி.எச்.ஐ. வருவார். சிரட்டை, பூச்சாடி, தண்ணித் தாங்கி எல்லாத்தையும் பார்ப்பார். எந்த ஒழுங்கையில எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று கணக்கெடுப்பார். காய்ச்சல் வந்தவன் நல்லவனா கெட்டவனா என்று அவர் விசாரிக்கிறதில்லை. அடுத்த ஆளுக்கு வராமல் தடுப்பதுதான் அவருடைய வேலை. சுட்டவனைப் பிடிக்கப் பொலிசும் தண்டிக்க நீதிமன்றமும் இருக்கத்தான் வேணும். ஆனால் அவை வேலையைத் தொடங்கும்போது ஒரு சாவு ஏற்கனவே விழுந்துவிட்டது. அதற்கு முன்னாலேயே வேலை செய்ய ஒரு துறை வேண்டும் என்ற யோசனை அமெரிக்காவில் 1980களில் வலுப்பெற்றது.

1983இல் அந்த நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி., வன்முறையை ஆராய ஒரு பிரிவைத் தொடங்கியது. 1985இல் சேர்ஜன் ஜெனரலாக இருந்த சி. எவரெட் கூப், வன்முறையையும் பொதுச் சுகாதாரத்தையும் பற்றி ஒரு செயலமர்வைக் கூட்டினார். இந்த ஆட்களுக்கு முன்னால் ஒரு நல்ல உதாரணம் இருந்தது: வீதி விபத்து. ஒரு காலத்தில் விபத்து என்றால் சாரதியின் பிழை, அவ்வளவுதான். 1960களுக்குப் பிறகு ஆசனப்பட்டி, வாகனத்தின் வடிவமைப்பு, வீதியின் அமைப்பு என்று எல்லாவற்றையும் ஆராய்ந்து மாற்றினார்கள். வாகனங்கள் ஓடிய தூரத்தோடு ஒப்பிட்டால் சாவு வீதம் பெருமளவு குறைந்தது. அதற்காக ஒருத்தருடைய காரையும் பறிக்கவில்லை.

1993இல் ஆர்தர் கெல்லர்மன் என்ற அவசர சிகிச்சை வைத்தியரும் அவருடைய குழுவும் சி.டி.சி.யின் நிதி உதவியோடு செய்த ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். துப்பாக்கி வைத்திருக்கும் வீடுகளில், அந்த வீட்டுக்குள்ளேயே ஒருவர் கொல்லப்படும் ஆபத்து ஏறத்தாழ 2.7 மடங்கு கூட என்பது அவர்கள் கண்டது. அந்தக் கூடுதல் ஆபத்து வந்ததும் பெரும்பாலும் குடும்பத்தவரிடமிருந்தும் நெருங்கிப் பழகியவர்களிடமிருந்தும்தான். கள்ளனுக்குப் பயந்து வாங்கின துவக்கு வீட்டுக்காரருக்கே வினையாகிறது என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

இந்த ஆய்வு வந்ததும் தேசிய றைபிள் சங்கம் சும்மா இருக்கவில்லை. ஆய்வுக்குக் காசு குடுத்த சி.டி.சி. பிரிவையே மூடவேண்டும் என்று அரசியல்வாதிகளிடம் அழுத்தம் குடுத்தது. மூடவில்லை. ஆனால் 1996இல் ஆர்கன்சாஸ் மாநில உறுப்பினர் ஜே டிக்கியின் பெயரால் அறியப்படும் ஒரு திருத்தத்தை காங்கிரஸ் நிறைவேற்றியது. துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரித்துப் பிரசாரம் செய்ய சி.டி.சி.யின் காயத்தடுப்பு நிதியைப் பாவிக்கக்கூடாது என்பதுதான் அதன் வாசகத்தின் சாரம். ஆராய்ச்சி செய்யக்கூடாது என்று அதில் ஓரிடத்திலும் இல்லை. ஆனால் அதே கையோடு சி.டி.சி.யின் ஒதுக்கீட்டிலிருந்து 26 இலட்சம் டொலரை இந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். முதல் வருசம் துப்பாக்கி ஆராய்ச்சிக்குச் செலவழித்ததும் அதே தொகைதான். எது ஆராய்ச்சி, எது பிரசாரம் என்று ஆர் முடிவெடுப்பது? அதிகாரிகள் பயந்தார்கள். ஆய்வாளர்கள் வேறு தலைப்புகளுக்குப் போனார்கள். இருபது வருசத்துக்கு மேல் அந்த மையம் இந்தப் பக்கம் பெரிதாகத் திரும்பவேயில்லை.

இதில் ஒரு முரண் இருக்கிறது. அதே 1996இல்தான் உலக சுகாதார சபை, வன்முறை உலகளாவிய பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்று தீர்மானம் நிறைவேற்றியது.

சரி, எண்ணாமல் விட்டால் நட்டம் ஆருக்கு? இங்கேதான் சமத்துவம் பற்றிய கேள்வி வருகிறது. 2020இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் கொலைசெய்யப்பட்டவர்களில் 38 சதவீதமானோர் 15 முதல் 34 வயது வரையான கறுப்பின ஆண்கள். நாட்டின் சனத்தொகையில் அவர்கள் 2 சதவீதம்தான். பாடசாலையில் நடக்கும் சூடு உலகச் செய்தியாகிறது. ஒரு தெருமுனையில் கிழமைக்குக் கிழமை விழும் சாவு உள்ளூர்ப் பேப்பரில் நாலு வரி.

அந்தத் தெருமுனை தானாக உருவாகவும் இல்லை. 1930களில் வீட்டுக் கடனுக்கான மத்திய அரசு நிறுவனம் ஒன்று நகரங்களுக்கு வரைபடம் போட்டது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பால் குறித்தது. கடன் குடுத்தால் திரும்பி வராது என்று அதற்கு அர்த்தம். கடன் வராத இடத்தில் வீடு திருத்த ஏலாது, கடை திறக்க ஏலாது, வசதியுள்ளவர் இருக்கவும் மாட்டார். பிலடெல்பியா நகரத்தின் அந்தப் பழைய வரைபடத்தை இன்றைய துப்பாக்கிச் சூடுகளோடு வைத்துப் பார்த்து, 2018இல் ஓர் ஆய்வு வந்தது. சிவப்புப் பகுதிகளில்தான் இன்றைக்கும் சூடு கூட.

அதே நகரத்தில், அதே வருசம் வெளிவந்த இன்னொரு ஆய்வும் இருக்கிறது. கைவிடப்பட்ட 541 வெறுங்காணிகளை எடுத்தார்கள். குலுக்கல் முறையில் தெரிந்து, சிலவற்றில் குப்பையை அள்ளிப் புல்லும் மரமும் நட்டு, சின்ன மரவேலி போட்டார்கள். மிச்சத்தை அப்படியே விட்டார்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழிருந்த அயல்களில், துப்புரவாக்கின காணிகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது. ஒருத்தரையும் கைதுசெய்யாமல், புதுச் சட்டமும் போடாமல் கிடைத்த பலன் இது.

"நோய்" என்ற சொல்லில் எனக்கு ஒரு சங்கடமும் இருக்கிறது. கவனமில்லாமல் பாவித்தால் அந்த ஊர்ச் சனமே கிருமி போலத் தெரியத் தொடங்கும். அதனால்தான் சுகாதாரம் என்ற சொல்லோடு சமத்துவம் என்ற சொல்லும் சேர்ந்தே வரவேணும் என்று நினைக்கிறேன். நுளம்பைத் தேடுகிற ஆள், அந்த ஒழுங்கைக்கு மட்டும் ஏன் வடிகான் வெட்டவில்லை என்றும் கேட்கவேணும்.

2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் செத்தவர்கள் 48,830 பேர். இதில் பாதிக்கு மேல் தற்கொலை. இதை வாசித்தபோது எனக்கு எங்கட நாடுதான் ஞாபகம் வந்தது. 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47. உலகத்திலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. "மருந்து குடிச்சிட்டான்" என்று கிராமங்களில் சொல்வார்களே, அந்தக் கிருமிநாசினிதான் பெரிய காரணம். இங்கேயும் கனகாலமாக "அவனுக்கு என்ன குறை, காதல் தோல்வியோ, குடியோ" என்று ஆளைத்தான் விசாரித்தோம். 1995இல் மிகக் கூடிய நச்சுத்தன்மையுள்ள கிருமிநாசினிகளையும் 1998இல் எண்டோசல்பானையும் அரசு தடைசெய்தது. பத்து வருசத்தில் வீதம் பாதியானது. 1995 முதல் 2015 வரை ஏறத்தாழ 93,000 உயிர்கள் தப்பியதாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். விளைச்சலும் குறையவில்லை. சனத்தின் துக்கம் அப்படியே இருந்திருக்கும். ஆனால் அந்த ஒரு நிமிசத்தில் கைக்கு எட்டிய பொருள் மாறியது. ஆள் உயிரோடு அடுத்த நாளைக் கண்டார். தற்கொலையைத் தடுப்பதற்கு உலகமே காட்டுகிற உதாரணங்களில் எங்கட நாடும் ஒன்று. பாடசாலையில் இதை ஆரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

அமெரிக்கக் கதைக்குத் திரும்பினால், அதில் ஒரு திருப்பம் இருக்கிறது. ஜே டிக்கி மனம் மாறினார். 2012இல், முன்பு தனக்கு எதிராளியாக நின்ற சி.டி.சி. அதிகாரி மார்க் ரோசன்பெர்க்கோடு சேர்ந்து, இந்த ஆராய்ச்சி தேவை என்று வொஷிங்டன் போஸ்ட்டில் எழுதினார். 2017இல் அவர் இறந்தார். 2019இன் கடைசியில்தான் காங்கிரஸ் மறுபடி காசு ஒதுக்கியது: 2 கோடி 50 இலட்சம் டொலர். அந்த நிதி வந்துசேர்ந்த 2020இலேயே, அமெரிக்கப் பிள்ளைகளையும் பதின்ம வயதினரையும் கொல்லும் முதலாவது காரணமாகத் துப்பாக்கி வந்துவிட்டது. வீதி விபத்து இரண்டாமிடத்துக்குப் போனது. 2024 யூனில் சேர்ஜன் ஜெனரல் விவேக் மூர்த்தி துப்பாக்கி வன்முறையைப் பொதுச் சுகாதார நெருக்கடி என்று அறிவித்தார். ஆட்சி மாறிய பிறகு, 2025இல் அந்த அறிக்கை அரசின் இணையத்தளத்திலிருந்து அகற்றப்பட்டது.

முதலில் காசை நிறுத்தினார்கள், இப்போது பக்கத்தை எடுத்தார்கள். எண்ணிக்கை சும்மா ஒரு இலக்கமாக இருந்தால் ஆரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

இதைத் தமிழில் வாசிக்கிற எங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. துவக்குச் சத்தத்துக்குள் வளர்ந்த அம்மா, அப்பாவின் பிள்ளைகள் நாங்கள். எங்கட சாவுகளின் கணக்கும் இன்னும் சர்ச்சையாகத்தான் கிடக்கிறது. அதனால் அடுத்த முறை வகுப்பில் "அது அவங்கட விசர்" என்று ஆராவது சொன்னால் நான் சிரிக்கப் போவதில்லை. எத்தனை பேர், ஆர் ஆர், அந்தக் கணக்கு ஆரிட்ட இருக்கு என்று கேட்கப் போகிறேன்.