செங்கல் ஆன பிஎஸ்பி: ஒரு சின்ன வரலாறு



எங்கள் வீட்டு பீரோவில் ஒரு செங்கல் இருக்கிறது. வீடு கட்டும் செங்கல் இல்லை. என் மாமா துபாய்க்கு வேலைக்குப் போய், முதல் சம்பளத்தில் ஆசையாக வாங்கிய சோனி பிஎஸ்பி. 2005 கடைசியில் யாரோ கொடுத்த ஒரு ஃபைலைப் போட்டு ஓட்டியிருக்கிறார். அவ்வளவுதான். அதன்பிறகு சுவிட்சைத் தள்ளினால் பச்சை விளக்கு எரியும், திரையில் ஒன்றும் வராது. கொஞ்ச நேரத்தில் விளக்கும் அணைந்துவிடும். இப்படி உயிர் போன கருவிக்கு கேம் உலகத்தில் 'பிரிக்' என்று பெயர். அதாவது செங்கல்!

"என் அவசரபுத்திதான்டா காரணம்" என்று மாமா இன்றைக்கும் சொல்வார். அது நிஜமா என்று பார்க்கத்தான் இந்த வரலாற்றைத் தோண்டினேன்.

முதலில் ஹோம்ப்ரூ என்றால் என்ன? வீட்டில் காய்ச்சும் பீருக்கு வைத்த பெயர் அது. கம்பெனியின் அனுமதி முத்திரை இல்லாமல், ஆர்வலர்கள் தாங்களே எழுதி, பெரும்பாலும் இலவசமாகக் கொடுக்கும் மென்பொருளுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. கால்குலேட்டர், புத்தகம் படிக்கும் மென்பொருள், சொந்தமாகச் செய்த விளையாட்டு எல்லாம் இதில் அடக்கம்.

பிஎஸ்பி 2004 டிசம்பர் 12 அன்று ஜப்பானில் வெளிவந்தது. கருவிக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருளை ஃபர்ம்வேர் என்பார்கள். முதலில் வந்த 1.00 ஃபர்ம்வேரில் ஒரு பெரிய ஓட்டை: முத்திரை இல்லாத புரோகிராமும் ஓடியது. 1.50-ல் சோனி அதை அடைத்தது. 2005 ஜூனில் ஆர்வலர்கள் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பிறகு வந்த 2.0-ல் அந்த வழி வேலை செய்யவில்லை. அதனால் எல்லோருக்கும் ஒரே ஆசை, எப்படியாவது 2.0-லிருந்து 1.50-க்குத் திரும்ப வேண்டும். அந்த செப்டம்பரில் ஒரு படக் கோப்பை வைத்து 2.0-ஐ ஏமாற்றும் வழியும் கிடைத்தது.

ஆசை இருக்கும் இடத்தில் மோசடியும் வரும் அல்லவா? 2005 அக்டோபரில் பழைய ஃபர்ம்வேருக்கு மாற்றித் தருவதாகச் சொல்லி ஒரு ஃபைல் சுற்றியது. ஓட்டினால் கருவிக்குள் இருக்கும் முக்கியமான நான்கு ஃபைல்களை அழித்துவிடும். மறுபடி கருவி எழும்பாது. சைமன்டெக் நிறுவனம் இதற்கு வைத்த பெயரே 'ட்ரோஜன் பிஎஸ்பி பிரிக்'. விளையாட்டுக் கருவிகளைத் தாக்கிய முதல் ட்ரோஜன் என்று அப்போது செய்திகளில் வந்தது. அதே மாதம் நின்டென்டோ டிஎஸ் கருவிக்கும் இப்படி ஒன்று வந்தது.

மாமா போட்டது இதே ஃபைல்தானா என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் அவர் சொன்ன கதையும் "2.0-ஐ 1.50 ஆக்கும் ஃபைல்" என்றுதான் தொடங்கும்!

இனி நல்ல செய்தி. 2007 ஆகஸ்டில் ஆர்வலர்கள் 'பண்டோரா பேட்டரி'யை வெளியிட்டார்கள். பிஎஸ்பி பேட்டரிக்குள் ஒரு சின்ன சிப் உண்டு, அதில் ஒரு வரிசை எண் இருக்கும். அந்த எண்ணை ஒரு குறிப்பிட்ட எண்ணாக மாற்றிவிட்டால், இது சர்வீஸ் பேட்டரி என்று கருவி நினைத்துக்கொள்ளும். உள்ளே அழிந்துபோனதைத் தேடாமல் மெமரி ஸ்டிக்கிலிருந்து எழும்பும். பிறகு ஃபர்ம்வேரைப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். மாமாவுடையது போன்ற முதல் மாடலுக்கு இது பலிக்கும். 2008-ல் வந்த 3000 மாடலில் சோனி இந்தக் கதவையும் சாத்திவிட்டது.

இந்த அடிகளிலிருந்துதான் ஹோம்ப்ரூ உலகம் ஜாக்கிரதையைக் கற்றுக்கொண்டது என்று நினைக்கிறேன். நின்டென்டோ வீ கருவிக்கு 2009-ல் வந்த பூட்மீ என்ற மென்பொருளின் முக்கிய வேலைகளில் ஒன்று, உள் நினைவகம் முழுவதையும் நகல் எடுத்து வைப்பது. அதே வருடம் நின்டென்டோவே கொடுத்த 4.2 அப்டேட்டால், யாரும் கைவைக்காத சில வீ கருவிகளும் செங்கல் ஆயின. ஆக, பெரிய கம்பெனிக்கும் கை தவறும்!

பி.காம் மாணவன் என்பதால் சட்டத்தையும் புரட்டினேன். நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தின் மூலம் 65ஏ பிரிவு சேர்ந்தது. பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்புப் பூட்டை உடைத்தால் 2 வருடம் வரை சிறை, அபராதமும் உண்டு. 'நோக்கம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். நாமே எழுதிய புரோகிராமை ஓட்டுவது வேறு, திருட்டு கேம் போடுவது வேறு.

யாராவது பழைய கருவியில் ஹோம்ப்ரூ போடப்போகிறீர்களா? மாடல் எண்ணையும் ஃபர்ம்வேர் எண்ணையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். எழுதியவரே வெளியிட்ட இடத்திலிருந்து மட்டும் ஃபைலை எடுங்கள். முடிந்தால் உள் நினைவகத்தை நகல் எடுத்து வையுங்கள். சார்ஜ் முழுதாக இருக்கட்டும், பாதியில் அணைக்காதீர்கள். முக்கியமாக, அவசரம் வேண்டாம்.

எங்கள் திருவந்திபுரத்தில் வேதாந்த தேசிகர் தன் கையாலேயே கட்டியதாகச் சொல்லும் ஒரு கிணறு உண்டு. சவால் விட்ட கொத்தனார் கோணல்மாணலான செங்கற்களைக் கொடுத்தாராம். அதை வைத்தே தேசிகர் கட்டி முடித்தாராம். பொறுமை இருந்தால் கோணல் செங்கல்லும் உதவும் போல!

போன வாரம் மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்போ நான் மட்டும் ஏமாறலையா?" என்றார். இருபது வருட பாரம் பாதி இறங்கிய மாதிரி இருந்தது.

பழைய பேட்டரி உப்பிப்போய் இருந்ததால் அதைக் கழற்றித் தனியே வைத்துவிட்டோம். இப்போது கடலூரில் நல்ல பேட்டரி தேடிக்கொண்டிருக்கிறோம். கிடைத்ததும் செங்கல் மறுபடி பிஎஸ்பி ஆனதா என்று எழுதுகிறேன். அதுவரை, மீண்டும் சந்திப்போம்!