கலங்கலுக்கு அப்பால்

தாம்பரத்துக்குக் கிழக்கே பெய்யும் மழை நேராகக் கடலுக்குப் போவதில்லை. சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம் பக்கத்து ஏரிகள் நிறைந்து வழிந்தால் அந்த உபரி செம்பாக்கத்துக்கு வரும். செம்பாக்கம் வழிந்தால் நன்மங்கலம், அதன்பின் கீழ்க்கட்டளை, நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணைக் கழுவெளி. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய், பிறகு கோவளம் முகத்துவாரம். ஓரிடத்தில் செய்வது இன்னோரிடத்தில், வேறொரு நாளில் பலிக்கும் என்பதே ‘சிஸ்டம்ஸ் திங்கிங்’ என்று மேலாளர்களுக்கு இன்று சொல்லித்தரப்படும் பாடத்தின் சாரம். எம்.ஐ.டி.யின் ஜே பாரஸ்டர் 1950களின் பின்பாதியில் அதற்குக் கணித வடிவம் தந்தார். 1990-இல் பீட்டர் செங்கேயின் நூல் அதை அலுவலகங்களுக்குள் கொண்டுவந்தது. இருப்பு, வரத்து, போக்கு என்று அவர்கள் வரையும் படத்தை ஏரிப்பாசனத்தில் வளர்ந்த எவருக்கும் விளக்கவேண்டியதில்லை. பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களில் அந்தப் படத்தை வரைந்து பயிற்சி நடப்பதும், அக்கட்டடங்களில் சில கழுவெளியின் ஓரத்தையே தூர்த்து எழுந்தவை என்பதும் நம் ஊர் வேடிக்கை. ஆனால் இந்த ஏரிகளின் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. முழுமையாகப் பார்க்கும் நிர்வாகி வகுப்பறையில் உருவாவதில்லை; அவருக்குத் தரும் பதவியும் கூலியும் எல்லையும்தான் அவரை அப்படி ஆக்குகின்றன.

இதற்கு நல்ல சான்று உத்திரமேரூரில் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகளைக் குடவோலைக்காக மட்டுமே நாம் மேற்கோள் காட்டிப் பழகிவிட்டோம். அவற்றில் நிர்வாகிகளை வளர்க்கும் முறை ஒன்றும் உண்டு. ஆண்டு முழுவதும் ஊரை நடத்தும் சம்வத்சர வாரியத்துக்கு, முன்பே தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் இருந்தவர்களையே எடுக்க வேண்டும். ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். பதவிக்காலம் 360 நாள். பதவி வகித்துவிட்டுக் கணக்குக் காட்டாதவருக்கு மட்டுமல்ல, அவருடைய உறவினர்களுக்கும் மறுபடி இடமில்லை. மேலே ஏறுமுன் தண்ணீரைப் பார்த்திருக்க வேண்டும், பார்த்ததற்குக் கணக்கும் சொல்ல வேண்டும். அதற்கும் கீழே, மதகைத் திறந்து மூடுபவர் நீர்க்கட்டி. பல நூற்றாண்டுகள் கழித்து, கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்த செங்கல்பட்டு ஜாகீரில் 1767-க்கும் 1774-க்கும் இடையில் கம்பெனிப் பொறியாளர் பர்னார்டு ஏறத்தாழ 2,000 ஊர்களைக் கணக்கெடுத்தார். களத்தில் நெல்லைப் பங்கிடும் முன்பே ஏரிக்கும் ஊர் ஊழியர்களுக்கும் தனிப் பங்கு ஒதுக்கப்பட்டதை அந்தக் கணக்குகள் காட்டுகின்றன. கடைமடை வயல் காய்ந்தால் களத்து நெல் குறையும். நெல் குறைந்தால் தண்ணீர் விடுபவரின் பங்கும் குறையும்.

இது பொற்காலக் கதை என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பில் பாதி சரி. உத்திரமேரூர் சபை நிலமும் வேதப்படிப்பும் உள்ள பிராமண ஆண்களின் சபை. பல ஊர்களில் நீர்க்கட்டிகளாக இருந்தவர்களோ ஒடுக்கப்பட்ட சாதியினர். வரப்பு வரப்பாகத் தண்ணீரை அறிந்தவருக்கு அந்தத் தண்ணீரில் உரிமை இல்லை. அந்த ஏற்பாட்டை அப்படியே மீட்கச் சொல்வது அறமாகாது. ஊருக்குள் இருந்த இந்தப் பொறுப்பு ஊர்களுக்கு இடையிலும் இருந்ததா என்று கேட்டால், அதற்குக் கலங்கலைத்தான் பார்க்க வேண்டும். உபரி வழியும் அந்தக் கட்டுமானத்தின் தலையில் வரிசையாகக் கற்கள் நட்டிருக்கும். வடகிழக்குப் பருவமழை ஓயும் தறுவாயில், கடைசித் தண்ணீரைப் பிடித்துவைக்க, அந்தக் கற்களுக்கிடையே மண்ணும் புல்லும் அடைத்து மட்டத்தை உயர்த்துவார்கள். ஒரு முழம் கூட்டி அடைத்தால் மேலே உள்ளவன் நிலம் மூழ்கும். கீழ் ஏரிக்கு வரத்து நிற்கும். ஆகவே சண்டை வராமல் இருந்திருக்காது. ஆனால் சண்டை எதைப் பற்றியது, யாரோடு என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது. இன்று நமக்கு இல்லாதது அந்தத் தெளிவுதான்.

அது குலைந்தது ஒரே நாளில் அல்ல. ஆங்கிலேயர் ஆட்சியில் வருவாய் ஓர் அலுவலகத்துக்கும் மராமத்து இன்னொரு அலுவலகத்துக்கும் போயின. கரை உடைந்தால் ஆள்களைக் கட்டாயமாக வரவழைக்க 1858-இல் சட்டமே தேவைப்பட்டது. விடுதலைக்குப் பிறகும் பிரிக்கும் பழக்கம் மாறவில்லை: 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் பொதுப்பணித் துறைக்கு, சிறியவை ஊராட்சி ஒன்றியங்களுக்கு. தண்ணீர் பெரிய ஏரி, சின்ன ஏரி பார்த்து ஓடுவதில்லை. பயிற்சிக்கும் குறைவில்லை. திருச்சி துவாக்குடியில் பாசன மேலாண்மைப் பயிற்சி நிலையம் 1984 முதல் இருக்கிறது; ஊரக வளர்ச்சிப் பயிற்சிக்கென மாநில நிறுவனம் மறைமலைநகரிலேயே இருக்கிறது. படித்தவர்கள் நல்ல பொறியாளர்களாகத்தான் திரும்பினார்கள். திரும்பிய நாற்காலியின் எல்லை மட்டும் அதே கலங்கலோடு முடிந்தது. 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கி ஒரே நாளில் தாம்பரத்தில் பெய்தது 49 செ.மீ. அவ்வளவு மழையை எந்த நிர்வாகமும் தாங்காது என்பது வலுவான வாதம்தான். ஆனாலும் அன்று சென்னையை மூழ்கடித்த வெள்ளத்தைப் பற்றிய பேச்செல்லாம் செம்பரம்பாக்கம் ஏரியின் மதகை எப்போது, எவ்வளவு திறந்தார்கள் என்பதிலேயே சுற்றியது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதில் ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் அடையாற்றில் கொட்டிய தண்ணீருக்கும் பங்குண்டு. அதற்குத் தனியாக ஒரு பொறுப்பாளர் இல்லாததால் கேள்வியும் எழவில்லை.

2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி பிறந்தபோது ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாயின. சிட்லபாக்கமும் செம்பாக்கமும் மாடம்பாக்கமும் ஒரே ஆணையரின் கீழ் வந்தன. இந்தச் சங்கிலிக்கு நல்ல செய்தி. ஆனால் பள்ளிக்கரணை சென்னை மாநகராட்சியில் இருக்கிறது. 2022 முதல் ராம்சார் தளமான அந்தக் கழுவெளியைப் பார்ப்பது வனத்துறை. முன்பு பொதுப்பணித் துறையிடம் இருந்த பெரிய ஏரிகள் இப்போது நீர்வளத் துறையிடம். பயிற்சி தருவதென்றால் இவர்களைத் துறைவாரியாக அல்ல, சேலையூரிலிருந்து ஒக்கியம் மடுவு வரை பணியாற்றும் எல்லோரையும் ஒரே வகுப்பில், பருவமழைக்கு முன், வாய்க்கால் வழியாகவே நடத்திக் கூட்டிப்போய்த் தர வேண்டும். அதைவிட முக்கியம், மேல் ஏரியின் பொறியாளரது ஆண்டு மதிப்பீட்டில் கீழ் ஏரியின் நீர்மட்டத்தையும் சேர்க்க வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், ஓர் அரசாணை போதும்.