ஒரு தலைமுறைக்கு மட்டும்

ஜப்பானில் இரவைக் கழிப்பது என்றால் நம்மில் பலருக்கும் தோக்கியோதான் ஞாபகம் வரும். ஷின்ஜுகு, ஷிபுயா, கண்ணைக் கூசவைக்கும் விளக்குப் பலகைகள். காணொளி எடுப்பவர்களும் அங்கேயே சுற்றிச் சுற்றி வருகிறார்கள். எனக்கென்னவோ, ஜப்பானின் இரவைப் பற்றி எழுதுவதென்றால் தெற்கே கியூஷூ தீவில் இருக்கும் ஃபுகுவோகாவிலிருந்துதான் தொடங்கவேண்டும் என்று படுகிறது. கடலைத் தாண்டினால் சுமார் 200 கிலோமீட்டரில் கொரியாவின் புசான் வந்துவிடும். இந்த நகரத்தின் இரவைப் புரிந்துகொள்ள அந்தத் தூரம் முக்கியம்.

அங்கே 'யத்தாய்' என்று ஒன்று உண்டு. நம்ம ஊர் ஒட்டுக்கடைதான், ஆனால் சக்கரம் வைத்தது. பகலில் அந்த நடைபாதையில் எதுவும் இருக்காது. சாயங்காலம் ஒரு வண்டி வந்து நிற்கும். பலகைகளை விரித்து, துணியைத் தொங்கவிட்டு, அடுப்பைப் பற்றவைத்தால் கடை தயார். வண்டியை இழுத்துவந்து போட்டுவிட்டுப் போவதையே தொழிலாக வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். கடையின் அளவு 3 மீட்டருக்கு 2.5 மீட்டர். அதற்குள் எட்டுப் பத்துப் பேர் தோள் உரச உட்கார்ந்து பசியாறவேண்டும். பக்கத்தில் இருப்பவர் யாரென்று தெரியாவிட்டாலும், ஒரு கிண்ணம் ராமென் முடிவதற்குள் பேச்சு வந்துவிடும். நக்காசு தீவின் ஆற்றங்கரை, தென்ஜின், நகஹாமா என்று மூன்று பக்கமும் இப்படிக் கடைகள் உண்டு.

சுற்றுலாக் கையேடுகள் இதைப் 'பாரம்பரியம்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். நான் இதைப் பாரம்பரியம் என்று சொல்லமாட்டேன். இன்றைய ஃபுகுவோகா யத்தாய் தோற்றுப்போனவர்களின் பிழைப்பாகத் தொடங்கியது.

1945 ஜூன் 19 இரவு அமெரிக்காவின் பி-29 விமானங்கள் ஃபுகுவோகாவின் நடுப்பகுதியை எரித்தன. ஆகஸ்டில் போர் முடிந்தது. அதன்பிறகு நகரின் ஹக்காத்தா துறைமுகம் நாடு திரும்புகிறவர்களின் வாசலானது. கொரியா, மஞ்சூரியா, சீனாவிலிருந்து சுமார் 13 லட்சத்து 90 ஆயிரம் ஜப்பானியர்கள் மூட்டை முடிச்சோடு அங்கே வந்து இறங்கினார்கள். அதே துறையிலிருந்து சுமார் 5 லட்சம் பேர், பெரும்பாலும் கொரியர்கள், தங்கள் நாட்டுக்குக் கப்பலேறினார்கள்.

வந்து இறங்கியவர்களை நினைத்து உடனே உருகிவிட நம்மால் முடியாது. அவர்களில் பலர் காலனிகளில் குடியேற்றக்காரர்களாக வாழ்ந்தவர்கள். அதே சாம்ராஜ்யம்தான் தோட்டத்துத் தமிழர்களைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோய்ப் போட்டது. ஆனாலும் 1946இல் எரிந்துபோன தெருவில், ஒரு வண்டியும் ஒரு பானையும் மட்டும் வைத்துக்கொண்டு நின்றவருக்குப் பசி உண்மையாகத்தான் இருந்திருக்கும். இரண்டையும் சேர்த்தே பார்க்கவேண்டியிருக்கிறது.

யத்தாயில் முட்டையோடு சுருட்டித் தருகிற மெந்தாய்க்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். காரம் போட்டு ஊறவைத்த மீன்சினை அது. இன்று ஹக்காத்தாவின் அடையாளம் என்று விமான நிலையத்தில் பெட்டி பெட்டியாக விற்கிறார்கள். புசானில் பிறந்து வளர்ந்து, போருக்குப் பிறகு திரும்பி வந்த தொஷியோ கவஹாரா என்பவர், அங்கே தின்று பழகிய ருசியை நினைவில் வைத்துச் செய்து, 1949இல் நக்காசுவில் விற்க ஆரம்பித்தார். செய்முறைக்குக் காப்புரிமை எடுக்காமல் மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். ஆக, ஹக்காத்தாவின் 'சொந்த' ருசி கொரியாவின் ருசி. கையேட்டில் இந்த வரி பெரும்பாலும் சின்ன எழுத்தில்தான் இருக்கும்.

ராமெனும் அப்படி ஒரு பிழைப்பின் கதைதான். 1950களின் நடுவில் மீன் சந்தை நகஹாமாவுக்கு மாறியது. விடியற்காலையில் ஏலம் எடுக்க ஓடுகிறவர்களுக்கு நின்று சாப்பிட நேரம் கிடையாது. சீக்கிரம் வெந்துவிடும்படி நூலை மெல்லிசாக்கினார்கள். மெல்லிய நூல் சூப்பில் கிடந்தால் குழைந்துவிடும். அதனால் முதலில் கொஞ்சமாகப் போட்டு, போதாதவருக்கு நூலை மட்டும் மறுபடி போட்டார்கள். 'கயெதாமா' என்று இன்று கோலாலம்பூர் பேரங்காடியில் நாகரிகமாகக் கேட்கிறோமே, அது மீன் சந்தை அவசரத்தில் பிறந்த வழக்கம்.

அரசாங்கத்துக்கு இந்தக் கடைகளை ஒருநாளும் பிடித்ததில்லை. சுகாதாரம், போக்குவரத்து, சாக்கடையில் கொட்டும் எண்ணெய் என்று சொல்வதற்கு அவர்களிடம் காரணம் இருந்தது. பொய்க் காரணமும் இல்லை. போருக்குப் பிந்தைய வருடங்களில் தடைப் பேச்சு வந்தபோது கடைக்காரர்கள் சங்கம் அமைத்துப் போராடி நிலைத்தார்கள். 1960களில் 400க்கு மேல் கடைகள் இருந்தன. 1990களின் நடுவில் வேறு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். யாரையும் விரட்டவில்லை, வண்டியை உடைக்கவில்லை. 'கொள்கையளவில் ஒரு தலைமுறைக்கு மட்டும்' என்றார்கள். 2000இல் மாநகராட்சியும் அதை நெறிமுறையாக எழுதிவைத்தது. அந்தக் கடையையே நம்பி வாழும் மனைவிக்கும் பிள்ளைக்கும் விதிவிலக்கு உண்டு. இருபது வருடம் கூடவே நின்று சூப்பு காய்ச்சிய உதவியாளுக்குக் கிடையாது.

என்னைக் கேட்டால், புல்டோசரைவிடக் குரூரமான வாசகம் இது. கிழவர் ஒருவர் கண்ணை மூடும்போது ஒரு விளக்கு அணைகிறது. சண்டைபோட ஆளும் இல்லை, செய்தியும் இல்லை.

சிங்கப்பூரில் 1971 முதல் 1986 வரை தெருவோர அங்காடிக்காரர்களைக் கூரைக்குக் கீழே கொண்டுபோனார்கள். இடம் போனாலும் தொழில் பிழைத்தது. 2020இல் அந்த அங்காடிக் கலாசாரம் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. ஃபுகுவோகா நடைபாதையை அப்படியே விட்டுவிட்டு, மனிதர்கள் தீர்ந்துபோகக் காத்திருந்தது.

2010இல் மேயரான சொய்ச்சிரோ தக்காஷிமா யத்தாயை வைத்துக்கொள்ளும் பக்கம் சாய்ந்தார். 2013இல் யத்தாய்க்கென்றே ஒரு நகரச் சட்டம் வந்தது. ஜப்பானில் அப்படி ஒன்று அதுதான் முதல் முறை. காலி இடங்களுக்கு யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். தேர்வானவர்கள் 2017இல் கடை போட்டார்கள். உரிமம் வைத்திருப்பவர் தானே கடையில் நிற்கவேண்டும். பெயரை வாடகைக்கு விடமுடியாது. விலைப் பட்டியல் மாட்டவேண்டும். பச்சை மீன் கூடாது, எதுவானாலும் சூடாக்கித்தான் தரவேண்டும். இன்று ஏறக்குறைய 100 கடைகள் இருக்கின்றன. பிரெஞ்சுச் சாப்பாடு போடும் யத்தாய்கூட உண்டு.

சட்டம் வந்ததால்தான் கடைகள் மிஞ்சின, அதை மறுக்கமுடியாது. கூடவே இன்னொன்றும் நடந்தது. ஒரு காலத்தில் வேறு வழியில்லாதவன் போட்ட கடைக்கு இன்று திட்டவரைவு எழுதி, மதிப்பெண் வாங்கி, வரிசையில் நிற்கவேண்டும். 1946இல் ஹக்காத்தாவில் கப்பலிலிருந்து இறங்கியவரால் அந்தப் படிவத்தை நிரப்பியிருக்க முடியுமா என்று தெரியவில்லை.

ஃபுகுவோகா போனால், ஒரு கடையில் ஒரு கிண்ணமும் ஒரு தட்டும் முடித்துவிட்டு எழுந்து பின்னால் நிற்பவருக்கு இடம் விடுங்கள். அதுதான் அங்கே மரியாதை. விடியற்காலை 4 மணிக்குள் வண்டி நடைபாதையை விட்டுப் போயாகவேண்டும். கடைசியில் கடைக்காரர் தரையைத் தேய்த்துக் கழுவுவார். காலையில் வேலைக்கு நடப்பவர்களின் காலில் ஒரு சொட்டு எண்ணெய்கூட ஒட்டாது.