தங்கத்தட்டு, பிளாட்டினத்தட்டு

இசைத்தொகுப்பின் விற்பனைக்கு அளிக்கப்படும் சான்றுகள். அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் 1958இல் தங்கத்தையும் 1976இல் பிளாட்டினத்தையும் தொடங்கியது. இன்று அங்கே 5 லட்சம் பிரதிகள் தங்கம். 10 லட்சம் பிளாட்டினம். தானாக வராது: நிறுவனம் விண்ணப்பித்துக் கட்டணமும் கட்ட வேண்டும், பிறகே விற்பனைக் கணக்கின் தணிக்கை. 2016 முதல், பாடல்களை இணையத்தில் 1,500 முறை கேட்டால் ஒரு தொகுப்பு விற்றதாகக் கணக்கு.

தமிழ்நாட்டின் கேசட் காலத்துக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கோவில் கொடை விழாவுக்கு அன்று ஒலிபெருக்கி கட்டியவரின் கேசட் பெட்டியைத் திறந்தால், பாடகி எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல்கள் இருக்கும். பல, கடையில் நகலெடுத்து, பேனாவால் பெயர் எழுதியவை. ஊரே கேட்ட அந்த நகல்கள் எந்தத் தணிக்கையிலும் ஏறவில்லை.